சாவு வீட்டு விதை

19 ஜூன் 2025, வியாழன். காலை 6.10. இதுவரை மூன்று அழைப்புகள்.

மூன்றுமே ‘ராமதாஸ் மாமா மோட்டார்’. விவசாயிகள் சங்கத்தில் பழகி எனக்கு மாமா ஆனவர். அவர் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் சிம் போட்டுக் கொடுத்தவன் நான்தான். மும்முனை கரண்ட் வந்தால் தானாகப் போன் அடிக்கும்; எடுத்தால் பதிவுக் குரல் சொல்லும். சோதனைக்காக என் நம்பரையும் சேர்த்தேன், நீக்க மறந்துவிட்டேன். எளிய சர்க்யூட். அதில் பேய் எதுவும் இல்லை. மாமாவை எரித்து ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் திரையில் பெயர் வந்தால் எடுக்க முடியவில்லை. ஏன்?

22 ஜூன்

விதைக் கம்பெனி ஆள் மாமாவின் ஊரான அடி அண்ணாமலைக்கே வந்து, மாமாவின் மனைவி ராணியம்மாள் அத்தையிடம் ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தங்கள் ரக வேர்க்கடலையை மாமா அனுமதியில்லாமல் விதைத்தார், ஊருக்கும் கொடுத்தார் என்று வழக்குப் போட்டவர்கள். நோட்டீஸ் வந்த வாரமே மாமாவுக்கு நெஞ்சு வலி. இப்போது, இனி விதை எடுத்துவைக்க மாட்டேன் என்று அத்தை கையெழுத்துப் போட்டால் வழக்கு வாபஸாம்.

வக்கீல் சினேகா சொன்னாள்: “சட்டம் நம்ம பக்கம், அமான். விவசாயி வெதைய எடுத்து வெக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம். கம்பெனி பேர் போட்டு விக்கக் கூடாது, அவ்ளோதான். ஆனா அத்தையே கையெழுத்துப் போட்டுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அத்தை போட்டால், நோட்டீஸ் வாங்கிய மற்றவர்களும் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். சங்கத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

25 ஜூன்

யோசனை கிடைத்துவிட்டது. காரியத்துக்கு ஊரே வரும். வருகிற ஒவ்வொருவர் கையிலும் மாமா எடுத்துவைத்த விதைக்கடலை ஒரு பை. எத்தனை பேர்மேல் வழக்குப் போடுவான்?

அத்தையிடம் மூட்டையைக் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் சாவியைக் கொடுத்தார். நானும் சொல்லவில்லை. நல்ல யோசனைக்கு எதற்கு விளக்கம்?

27 ஜூன்

ஒருவரும் வாங்கவில்லை.

பந்தல் வாசலில் மஞ்சள் பைகளோடு நின்றேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு விலகிப் போனார்கள். மாமாவின் பங்காளி வேணுதான் கடைசியில் வாயைத் திறந்தார்:

“இன்னாப்பா, கல்யாணம்னு நெனச்சிட்டியா? சாவு வூட்லேருந்து எதையும் எட்த்துனு போவ மாட்டாங்கப்பா. போய்ட்டு வரேன்னுகூட சொல்ல மாட்டோம். நீ வெதைய குடுக்கற! அடுத்து இன்னா, செல்ஃபி ஸ்டாண்டா?”

எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. டவுன்ல பொறந்தவன், எங்க வீட்டு வழக்கமே வேற — யாராவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? கேட்டாத்தானடா சொல்லுவாங்க.

இனி அந்த விதையை ஊரில் யாரும் தொட மாட்டார்கள். கம்பெனி ஒரு வருஷமாக முட்டி மோதியதை ஒரு மத்தியானத்தில் நான் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

அத்தை பைகளை அவிழ்த்து அவிழ்த்து மூட்டையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

28 ஜூன்

மாமா மோட்டார் மறுபடி அடித்தது. எடுத்தேன். பதிவுக் குரல் முடிந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தேன். மாமா இருமுகிற மாதிரி — லைன் இரைச்சல். இரைச்சல்தான்.

10 ஜூலை, பௌர்ணமி

கிரிவலக் கூட்டத்தில் வண்டியை நகர்த்த முடியவில்லை. நடந்தே அத்தை வீட்டுத் தெருமுனை வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. திரும்பிவிட்டேன்.

18 ஜூலை

நேற்று நல்ல மழை. காலையில் வேணு போன் செய்தார். “உங்க அத்தைக்குப் புத்தி பிசகிப் போச்சு. வந்து பாரு.”

டிராக்டர் ஓட்டிய நிலத்தில் அத்தை தனியாக விதை போட்டுக்கொண்டிருந்தார். அதே கடலை. ரோட்டோரம் நின்று கம்பெனி ஆள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் அவனிடமே திருப்பிக் கொடுத்தாயிற்றாம்.

“அத்தை, இத யாரும் தொட மாட்டாங்கன்னு...”

“அவங்களுக்கு அது சாவு வூட்டு வெதை. எனக்கு இன்னா? நான் அந்த வூட்லதான கீறேன்.” நிமிரவே இல்லை. “அவன் நல்லா படம் புடிக்கட்டும். நீ இன்னா கையக் கட்டினு நிக்கற? செருப்பக் கழட்டிட்டு எறங்கு. அந்தச் சாலு உன்னுது.”

இனி:

1. திங்கட்கிழமை சினேகாவைப் பார்ப்பது. பதில் மனு ராணியம்மாள் பெயரில்.
2. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டம். அத்தை பேசுவாரா என்று முதலில் அவரையே கேட்பது.
3. நோட்டீஸ் வாங்கிய மற்ற வீடுகளுக்குப் போவது. யோசனை எதையும் கொண்டுபோகாமல்.
4. நாளை விடிந்ததும் மிச்சமிருக்கிற அரை ஏக்கர்.