குழாய் வராது என்று உனக்குத் தெரிந்திருந்தது

என் அண்ணா,

இந்த ஐப்பசியில் நம் பள்ளத்து நீர்த்தேக்கம் முதல் தடவையாக நிரம்பி வழிந்தது. அதைப் பார்க்க நீ இல்லை. கரை எழும்பி முடியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாய். தண்ணீர் பெரிய இரும்புக் குழாயில் இறங்கி மலையடிவார டவுனுக்குப் போகிறது. நாங்கள் அதே கரைமேல் நடந்துபோய், பழைய ஊற்றில் குடத்தை வைத்துக் காத்திருக்கிறோம்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஆபீசர்கள் சங்கிலியோடு நிலம் அளக்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? சாமை விளைந்த பள்ளம் முழுக்க மூழ்கும் என்றார்கள். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. நிலம் அதிகம் போகிறவர் சடையன் பெரியப்பாதான். "நமக்கு இன்னாடா கெடைக்கும்?" என்று உன்னைத்தான் கேட்டார்.

"மொத கொழா நம்ம ஊருக்குத்தான் பெரீப்பா. ஆபீசரு எங்கிட்ட சொல்லிட்டாரு" என்றாய்.

ஊர் நாட்டாமை நீ சொன்னால் போதாதா? எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். நானும் அதைத்தான் நம்பினேன்.

போன வாரம் குழாய் கேட்டு, இரண்டு பெண்களோடு ஆபீசுக்கு மனு கொண்டுபோனேன். அங்கிருந்த குமாஸ்தா பழைய ஃபைலைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். "உங்க நாட்டாமைக்கு அப்பவே தெரியும்மா, படிச்சுப் பாருங்க" என்றார்.

படித்தேன். தண்ணீர் டவுனுக்கு மட்டும். கரைக்கு மேலே இருக்கும் நம் ஊருக்கு இணைப்பு கிடையாது. கீழே உன் கோணல் கையெழுத்து. அதற்கடுத்த தாளில் எழுத்துக்கூட்டி நீயே எழுதியிருந்தாய்: 'தண்ணி இல்லாட்டியும் பரவாயில்லை. ஊர்வரைக்கும் ரோடு போட்டுக் கொடுத்தால் போதும்.'

ஏன் ரோடு என்று எனக்குப் புரியாதா? வயிற்றுப் பிள்ளையோடு அண்ணியை கம்பில் கட்டிய டோலியில் தூக்கிக்கொண்டு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கியபோது நானும் பின்னால் ஓடிவந்தவள்தானே. பாதி வழியில் அவள் முனகல் நின்றதும், நீ டோலியை இறக்கவிடாமல் "நடங்கடா, நடங்கடா" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது ரோடு வந்துவிட்டது. பஸ்ஸும் வருகிறது. போன மாதம் காளியம்மா மகள் அதில் போய் ஆஸ்பத்திரியில் பெற்றாள். தாயும் பிள்ளையும் சுகம்.

ஆனாலும் மனசு ஆறவில்லை, அண்ணா. ஹாஸ்டலில் சேர்த்து என்னை எட்டாவது வரை படிக்க வைத்தவன் நீ. ஊர்க் காகிதம் எது வந்தாலும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாய். இந்த ஒன்றை மட்டும் ஏன் மறைத்தாய்? நான் படித்துவிடுவேன் என்று பயந்தாயா?

உன்மேல் இருந்த கோபத்தில் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உன்னை நம்பி நிலத்தை விட்டவர், இன்றைக்கும் "கொழா எப்பம்மா வரும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறவர். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழுதுவிட்டார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா ரோட்டுக்கே குடுத்திருப்பனே, பொன்னி. அவன் பொண்டாட்டி டோலிய தூக்குனதுல நானும் ஒருத்தன். அவன் இன்னா என்னை இப்டி நெனச்சிட்டான்?"

அவர் அழுதது நிலத்துக்காக இல்லை. இதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்?

வருகிற வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டி, உன் இரண்டு தாளிலும் இருப்பதைச் சொல்லப்போகிறேன். அண்ணியை நினைத்துத்தான் ரோடு கேட்டாய் என்பதையும் சொல்வேன், உன் பொய்யையும் சொல்வேன். எதையும் குறைக்க மாட்டேன். பிறகு கைப்பம்பு கேட்டுப் புது மனு எழுதுவோம். நான் உரக்கப் படித்து, கடைசி ஆளுக்கும் புரிந்த பிறகுதான் யாரும் அதில் விரல் வைப்பார்கள். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னை வெறுக்கவும் முடியாத,
உன் கூடப்பிறந்த தங்கை
பொன்னி