ஐந்தாவது பாடம்

9-9-1978, சனி

கணக்கில் ஐம்பதுக்குப் பதினொன்று.

சேதுமாதவன் சார் தாளைத் தூக்கி எறியவில்லை. மெதுவாக மேசைமேல் வைத்தார். அதுதான் பயமாக இருந்தது. "சரித்திரம் படிக்கிறவங்களுக்குப் பதினொண்ணு நல்ல நம்பர்தான். ஏதாவது ராஜா பட்டத்துக்கு வந்த வருஷமா இருக்கும்" என்றார். சயன்ஸ் குரூப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூலையில் நான் சயன்ஸிலிருந்து ஆர்ட்ஸ் குரூப்புக்கு மாறினேன். சரித்திரம், பூகோளம், பொருளாதாரம், ஆங்கிலம். ஐந்தாவதாகக் கணக்கு. அது அப்பா போட்ட நிபந்தனை. "குரூப்பை மாத்திக்கோ. கணக்கை மட்டும் விடாதே ஷியாமளா. நாளைக்கு மனசு மாறினா திரும்பி வர வழி வேணும்." அதனால் தினம் ஒரு பீரியட் பையைத் தூக்கிக்கொண்டு பழைய வகுப்புக்குப் போகிறேன். "வழி விடுங்கடா, மகாராணி வராங்க" என்று பெஞ்சை நகர்த்துவார்கள்.

அம்மா கேட்டாள். தாள் இன்னும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

11-9-78, திங்கள்

பிரேயரில் அறிவித்தார்கள். யார் யார் என்னென்ன பாடம் என்ற பட்டியல் 23-ஆம் தேதி டெல்லி போர்டுக்குப் போகிறது. போனால் போனதுதான், அப்புறம் மாற்ற முடியாது. கணக்கை விட விரும்புகிறவர்கள் மனையியல் எடுக்கலாம். அதற்கான பாரத்தில் அப்பா கையெழுத்து வேண்டும்.

ஐந்தில் ஒன்று போனாலும் மொத்தமும் ஃபெயில்.

பாரம் வாங்கிவிட்டேன். வாங்கியதால் விட்டுவிட்டேன் என்று ஆகாது. சும்மா இருக்கட்டும்.

13-9-78, புதன்

நளினியோடு நடந்து வந்தேன். அவள் அக்கா போன வருஷம் ஃபெயில். இந்த வளைகுடா ஊரில் திரும்பச் சேர்த்துக்கொள்ள இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். திருச்சியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா லெட்டர் போடறாளா?"

"போடறா. 'நான் நல்லா இருக்கேன்'னு ஒரே வரி. எல்லா லெட்டரும் அதே வரிதான்டி."

எங்களுக்கும் சொந்த ஊர் திருச்சிதான். சித்தப்பா வீடு.

15-9-78, வெள்ளி

அப்பா வந்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம், புஜைரா சைட்டில் சர்வேயர் வேலை. வெள்ளிதான் இங்கே லீவு. வியாழன் வந்தால் சனி விடிவதற்குள் கிளம்பிவிடுவார். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

சாப்பிட்டதும் என் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று நாளாகப் போட்டுப் பார்த்து அழித்த கணக்கு. நாலு வரியில் முடித்துவிட்டு, "பாரு, எவ்வளவு அழகா வந்து நிக்குது!" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"ஆமாம்ப்பா" என்றேன். பாரம் சரித்திரப் புத்தகத்துக்குள் இருந்தது.

16-9-78, சனி

சொல்லிவிட்டேன். நேரில் இல்லை.

சைட்டில் போன் கிடையாது. அதனால் வாராவாரம் அம்மா ஒரு கேசட்டில் பேசி அனுப்புவாள். அதில் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அம்மா மீனா பஜார் போயிருந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தில் பேசினேன்.

பதினொன்று வாங்கியதைச் சொன்னேன். புரியாமலே தலையாட்டுவதைச் சொன்னேன். "தாளைப் பார்த்தாலே கை வேர்க்குதுப்பா. பேனா வழுக்குது. ஃபெயிலானா என்னைத் திருச்சிக்கு அனுப்பிடாதீங்கப்பா." கடைசியில் அழுதுவிட்டேன். அதுவும் பதிவாகியிருக்கும். போட்டுக் கேட்கத் தைரியம் இல்லை.

17-9-78, ஞாயிறு

சைட்டுக்குக் காய்கறி கொண்டுபோகும் வேலுச்சாமி அண்ணன் பிக்கப்போடு வந்தார். "அவ்வளவுதானா பாப்பா? யல்லா, கிளம்பறேன், வெயில் ஏறுது" என்று கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போனபிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்க் போனதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டாள்.

"பின்பக்கத்திலயா? அடிப்பாவி, அதை மெஸ்ல போடுவாங்களேடீ!"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. யார் வீட்டுக் கேசட் வந்தாலும் புதன்கிழமை சாயங்காலம் மெஸ்ஸில் எல்லோருக்கும் போடுவார்களாம். நாற்பது பேர். ரெண்டு வருஷமாக ஊருக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள், யார் வீட்டுக் குரலாக இருந்தாலும் போதும் அவர்களுக்கு. அப்பா மட்டும் தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

"அதனாலதான் நான் என்னிக்கும் குழம்பு, வெயில், எதிர்வீட்டுப் பூனைன்னு பேசறேன். வீட்டு விஷயம் ஒரு வார்த்தை பேசியிருக்கேனா?"

இல்லை. அப்பாவிடம் சொல்ல அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

18-9-78

சாப்பாடு இறங்கவில்லை.

19-9-78, செவ்வாய்

வேலுச்சாமி அண்ணனின் கம்பெனி யார்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "மலை தாண்டிப் போயாச்சு. வியாழன்தான் வருவான்." கேசட் கசங்கிச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சைட்டில் இருக்கும் டேப்ரிக்கார்டர் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது அப்பா ஆசையாக வாங்கியது. என்ன பெண் நான்!

20-9-78, புதன்

இந்நேரம் போட்டிருப்பார்கள். முன்பக்கம் முடிந்து திருப்பியிருப்பார்கள். நாற்பது பேருக்கு முன்னால் நான் அழுதுகொண்டிருப்பேன். அப்பா எங்கே பார்ப்பார்? சோற்றுத் தட்டையா?

21-9-78, வியாழன்

அப்பா வந்தார். குளித்தார். சாப்பிட்டார். என்னிடம் பேசவில்லை. திட்டினால் தேவலை.

22-9-78, வெள்ளி

காலையில் கூப்பிட்டார். நான் தூணோரம் நின்றேன். உட்காரச் சொன்னார்.

கேசட்டைப் போட்டார்களாம். "பதினொண்ணு" என்று நான் சொன்னதும் யாரோ சிரித்தார்களாம். கை வேர்க்கிறது என்று சொன்ன இடத்தில் ராக்கப்பன் என்பவர், கம்பி கட்டுகிறவர், சோற்றுக் கையோடு எழுந்து வந்து இடதுகையால் டேப்பை நிறுத்திவிட்டார். "சார், இது உங்க வீட்டுப் பேச்சு. நீங்க ரூமுக்குப் போய்க் கேளுங்க" என்றாராம். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்களாம், நாற்பது பேரும்.

"மிச்சத்தை ரூம்ல கேட்டேன்" என்றார் அப்பா. "கேட்கும்போது கோபமாத்தான் இருந்தது. கோபத்துல ரெண்டாவது தடவை போட்டேன். அப்புறம் யார் மேல கோபம்னு தெரியல."

பாரத்தைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது பாடம் என்ற இடத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பா, நீங்க எழுதுங்க."

"விட்டா திரும்ப முடியாது. விடலைன்னா ஃபெயில் ஆகலாம். ரெண்டும் எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீயே எழுது."

அப்பாவுக்குப் பயமா? அதைக் கேட்டதும் என் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது. யாராவது ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

23-9-78, சனி

மூன்றாவது பீரியட் வரை காலியாகவே வைத்திருந்தேன். நன்றாக முயற்சி செய்தால் வருமோ? ஒரு வருஷம் கழித்து வருத்தப்படுவேனோ? படலாம். ஆனால் அந்தப் பெஞ்சை நினைத்தால் உள்ளங்கை ஈரமாகிறது. சரித்திர வகுப்பில் மணி அடித்ததே தெரிவதில்லை.

எழுதிவிட்டேன். மனையியல். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

சேதுமாதவன் சார் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து என் பெயரை அடித்தார். அவ்வளவுதான். ஒரு கோடு. அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை.

10-11-78, வெள்ளி

பேங்க் அனந்தகிருஷ்ணன் மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அம்மா வடை போட்டாள். மாமாவின் பையன் பம்பாயில் எஞ்சினியரிங். அதைப் பற்றி அரைமணி நேரம். பிறகு என் பக்கம் திரும்பி, "பொண்ணு என்ன குரூப்? சயன்ஸ்தானே?" என்றார்.

நான் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டேன். ஜூலையிலிருந்து அப்பா இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்: ஆர்ட்ஸ், ஆனா கணக்கும் எடுத்திருக்கா. அந்த "ஆனா" இல்லாமல் சொன்னதே இல்லை. இனி என்ன சொல்வார்? பேச்சை மாற்றிவிடுவாரோ? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"சரித்திரம்" என்றார் அப்பா.

மாமா இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார் போல. அப்பா வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.