காஜா பாயின் கறுப்புப் பைகள்

நவ. 9, 1999, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தீபாவளி முடிந்து தட்டச்சு நிலையம் திறந்தேன். ஏழு மெஷினில் இரண்டுக்கு ரிப்பன் இல்லை. மாணவிகள் நான்கு பேர்தான். மற்றவர்கள் இன்னும் ஊரில் முறுக்கு தின்றுகொண்டிருப்பார்கள்.

பதினொரு மணிக்குக் காஜா மைதீன் பாய் வந்தார். மேலப்பாளையத்தில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலர் பை போடுகிறவர். அவருக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும் வாசித்துச் சொல்லி, பதில் அடித்துக் கொடுப்பது நான்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்த காகிதம் நனைந்து ஒட்டியிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலக நோட்டீஸ். புது விதிப்படி, பழைய பிளாஸ்டிக்கில் செய்த பையில் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. இத்தனை மைக்ரானுக்குக் குறைந்து பை போடவும் கூடாது. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் ஷெட்டுக்குப் பூட்டு.

"மைக்ரான்னா என்னது டீச்சரம்மா?"

எனக்கும் தெரியாது. அப்படியே சொன்னேன்.

"மெஷினைப் பேசாம இரும்புக் கடையில போட்டுரவா? எட்டுப் பொம்பளையள் வேல பாக்காளுவ. அவளுவகிட்ட என்னத்தச் சொல்ல?"

"நாலு நாள் பொறுங்க பாய். விதிய முழுசா வாசிக்கணும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாசித்து எனக்கு என்ன புரியப்போகிறது?

நவ. 10, புதன்

மாசுக் கட்டுப்பாட்டு (மா.க.) அலுவலகத்தில் விதியைக் கேட்டு வாங்கி நகல் எடுத்தேன். அகராதியோடு உட்கார்ந்தேன். மத்தியானச் சோறு ஆறிப்போனது.

மூன்று தடவை வாசித்ததில் புரிந்தவை:

1. தடை உணவுப் பொருளுக்குத்தான். மற்றதற்குப் பழைய பிளாஸ்டிக் பை போடலாம்.
2. பை மெல்லிசாக இருக்கக் கூடாது.
3. மறுசுழற்சி என்று பையிலேயே அச்சிட வேண்டும்.

தொழிலை மூடு என்று எங்கேயும் இல்லை. இல்லவே இல்லை. அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

மைக்ரான் = மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செல்வின் சொன்னார். லேத் பட்டறை வைத்திருக்கிறவருக்குத் தெரியாதா? வீட்டுக்காரரை விட்டுவிட்டு அகராதியில் தேடியிருக்கிறேன்.

நவ. 11, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

செல்வின் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டர் கொண்டுவந்தார். ஒரு பையை மட்டும் வைத்தால் அளவு சரியாக நிற்கவில்லை. பத்துத் துண்டாக வெட்டி அடுக்கி, அளந்து, பத்தால் வகுத்தார். விதியில் சொன்னதில் பாதிகூட இல்லை.

"இது பையா, வெங்காயத் தோலா?" என்றார்.

நவ. 12, வெள்ளி

மோசமான நாள். ஜும்ஆ தொழுகை முடிந்து பாய் வந்தார். கூடவே வண்ணார்பேட்டை ஹோட்டல் சங்கரபாண்டியன் அண்ணாச்சி. பாய் போடும் பையில் பாதி இவர் ஹோட்டல் சாம்பார் பார்சலுக்குத்தான் போகிறது. என் நிலையத்துக்கும் நல்ல வாடிக்கை.

"ஒண்ணுமில்லம்மா. இது புது பிளாஸ்டிக் குருணையில போட்ட பைதான்னு ஒரு கடுதாசி அடிங்க. பாய் கையெழுத்துப் போட்டுருவாரு."

"புதுசு இல்லையே அண்ணாச்சி."

"அது நமக்குத் தெரியும். ஆபீஸ்காரனுக்கா தெரியப்போவுது?"

"நான் அடிக்க மாட்டேன்."

நான்கு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாளையங்கோட்டையில வேற டைப் மெஷினே இல்லையா?" என்று எழுந்து போய்விட்டார்.

பாய் தலை குனிந்தே இருந்தார். "அவரு போயிட்டாருன்னா எனக்குப் பாதி யாவாரம் போச்சு. ஆனா நீங்க சொன்னதுதான் செரி. பொய் எழுதிட்டு நான் எங்கன போயி நிம்மதியா உக்கார?"

அப்புறம் வெகுநேரம் ஒரு வரிகூடப் பிழையில்லாமல் அடிக்க முடியவில்லை.

நவ. 14, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆளுக்கொரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். வாசலில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன். சட்டென்று கன்றைத் திரும்பத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புப் பை, கனமாக. அடியில் நான்கு ஓட்டை. இதுவும் பைதானே? இதை யாரும் தின்னப் போவதில்லையே?

எங்கே வாங்கியது என்று கமிட்டிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையாம். செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. வெறுங்காலோடு வீடு.

நவ. 16, செவ்வாய்

நிலையத்தை அடைத்துவிட்டுப் பாயோடு ஸ்ரீவைகுண்டம் பஸ். அணையில் தண்ணீர் தளும்பிப் போகிறது. வாழைத் தோட்டத்தில் கணுக்கால் அளவு சேறு.

பண்ணைக்காரி ஆறுமுகத்தாய். ஐம்பது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பை மதுரையில இருந்துதான் வருது. மழன்னா லாரி வரமாட்டேங்கு. கன்னு எல்லாம் வேரு விட்டுக் காத்துக் கெடக்கு. ஈர மண்ண அடைச்சுத் தூக்குனா அடி பிரியக் கூடாது. எனக்கு அவ்வளவுதான். பழசோ புதுசோ, வேப்பங்கன்னுக்கு என்ன தெரியும்?"

மாதிரி கொண்டுவரச் சொன்னார். திரும்பி வரும்போது பாய் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார். ஒரு வாரமாக இப்படிப் பேசவில்லை.

நவ. 18, வியாழன்

அடைமழை. பாயின் ஷெட்டில் மாதிரிப் பை போட்டாயிற்று. கனம் சரியாக இருக்கிறது, செல்வின் அளந்தார். ஈர மண் போட்டுத் தூக்கினோம். மூன்றாவது பை கிழிந்தது. ஐந்தாவதும். ஏழாவது என் சேலையிலேயே கொட்டியது.

பாய் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். நம்பிக்கை கொடுத்தது நான்தானே.

பிளாஸ்டிக் பிரிக்கிற பாத்திமுத்து கிழிந்த பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கொப்புளம் கொப்புளமா இருக்கு பாருங்க. சரக்கு ஈரம். மழையில காயல. இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு உருக்குதாவ. பால் கவரு மட்டும் தனியாப் போட்டா ரப்பர் மாரி இழுக்கும்."

"இத ஏம்மா இத்தன நாளும் சொல்லல?" என்றார் பாய்.

"நீங்க கேக்கலையே."

நவ. 20, சனி

எட்டுப் பெண்களும் பால் கவரைக் கழுவித் தங்கள் வீட்டு அடுப்படியில் கொடி கட்டிக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். ஷெட் முழுக்கப் புளித்த பால் வாடை.

இருபது பையில் ஈர மண் அடைத்தோம். தூக்கினோம். ஆட்டினோம். பாத்திமுத்து ஒன்றைத் தரையில் போட்டாள். ஒன்றும் கிழியவில்லை.

பாய் தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

நவ. 22, திங்கள்

கெடு முடிய இரண்டு நாள். பதில் நேற்றே அடித்துவிட்டேன். இரண்டரைப் பக்கம், மூன்று நகல், ஒரு பிழை இல்லை. என்ன செய்துகொண்டிருந்தோம், இனி என்ன செய்வோம், விதியின் எந்தப் பிரிவுப்படி. பழைய பையைப் பற்றியும் மறைக்காமல் எழுதியிருந்தேன்.

மா.க. அலுவலகம். பொறியாளர் சின்ன வயசு. முழுவதும் வாசித்தார். பையை அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதைத் தயார் பண்ணின கன்சல்டன்ட் யாரு?"

"நான்தான் சார்."

"எந்தக் கம்பெனி?"

பாய் முந்திக்கொண்டார். "எங்க டைப் டீச்சர் சார்."

வெள்ளிக்கிழமை ஷெட்டைப் பார்க்க வருகிறாராம். எழுந்தபோது சொன்னார்: "வர்றவங்கள்ல பாதிப் பேர் விதியையே படிக்கறதில்ல. நீங்க படிச்சிருக்கீங்க."

வரும் வழியில் டீ. வடையும். பாய் வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் இவ்வளவு ருசியான வடை தின்றதில்லை. மிகையாக எழுதுகிறேனோ? இல்லை.

நவ. 24, புதன்

சங்கரபாண்டியன் அண்ணாச்சி. வாசலிலேயே நின்றார். ஹோட்டல்களிலும் சோதனை போடுகிறார்களாம், பையைக் கையோடு எடுத்துப் போகிறார்களாம்.

"அன்னைக்கு அந்தக் கடுதாசிய அடிச்சிருந்தா நானும் பாயும் சேந்தே மாட்டியிருப்போம். நான் பேசுனத மனசுல வச்சுக்கிடாதிய."

உட்காரச் சொன்னேன். பட்டியல் அடித்துக் கொடுத்தேன்: சாம்பாருக்குப் புதுக் குருணையில் போட்ட வெள்ளைப் பை. இட்லிக்கு வாழையிலை, மேலே காகிதம். தூக்குவாளி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதல். கடைசியது என் யோசனை, விதியில் கிடையாது. அதைத்தான் முதலில் எழுதிப் போடப் போகிறாராம்.

நவ. 26, வெள்ளி

பொறியாளர் வந்து பார்த்தார். பாத்திமுத்துதான் எல்லாம் விளக்கினாள். நான் ஓரமாக நின்றேன்.

நவ. 30, செவ்வாய்

மழை விட்டுவிட்டது.

கடிதம் வந்துவிட்டது. பாய் பிரிக்காமலே கொண்டுவந்தார். நோட்டீஸ் ரத்து. பை போடும் தொழிலைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆறுமுகத்தாய் அக்காவுக்கு முதல் கட்டு நேற்றே போய்விட்டது.

"இங்கன வாசிக்காதிய டீச்சரம்மா. அங்கன வந்து அவளுவ முன்னால வாசிங்க."

ஆட்டோவில் போனோம். எட்டுப் பேரும் பால் கவர்க் குவியலை விட்டு எழுந்து வந்து நின்றார்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முடித்ததும் என் முகத்தையே பார்த்தார்கள். அரசாங்கக் கடிதத்தில் நல்ல செய்தியும் வரும் என்று அவர்கள் நம்பவில்லை போலும்.

"அப்ப பூட்டு கெடையாதா?" என்றாள் ஒருத்தி.

"கெடையாது."

பாத்திமுத்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொருக்க வாசிங்க. பையப் பைய வாசிங்க."

வாசித்தேன். இந்த முறை, கடிதத்தில் இருந்தபடியே ஆங்கிலத்திலும்.