எழுந்து நிற்க வேண்டாம்

மணிமொழிக்கு,

நேற்று பங்காளிகளோடு நான் உள்ளே வந்தபோது நீ படுத்தே இருந்தாய். "எழுந்துக்க முடியலீங்க மாமா" என்றாய். "பட்டப்பகல்ல இன்னா நடிப்பு இது?" என்று அவர்கள் முன்னால் கத்தினேன். நாள்பட்ட நுரையீரல் அழற்சியில் தூங்கினாலும் களைப்பு தீராது என்று டாக்டர் சொன்னதை உன் புருஷன் இளஞ்செழியன் பிறகுதான் சொன்னான். அதை அவன் என்னிடம் மறைத்தது தவறு.

கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு நடந்து போகாதே. இடஒதுக்கீட்டு மறியலுக்காகச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் கிடையாது. நைனார்பாளையம் போய் உன் அப்பாவை நானே சைக்கிளில் அழைத்து வருகிறேன்.

அடுப்பு மூட்டாதே, புகை ஆகாது. கஞ்சி சட்டியில் இருக்கிறது. நாங்கள் வரும்போது எழுந்து நிற்கக் கூடாது.

மாமனார் ராஜாங்கம்

பி.கு.: நான் கத்தியதை உன் அப்பாவிடம் நானே சொல்வேன். நீ சொன்னால் குறைத்துச் சொல்வாய்.