மின்விசிறிக்குக் கீழே ஒரு மூச்சு

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அவளுக்குச் சளி விட்டபாடில்லை. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கரகரவென்கிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

நீங்கள் விட்டுப்போன பழைய லேப்டாப்பை முழுக்கத் துடைத்துவிட்டேன். திட்டாதீர்கள், படங்களெல்லாம் பென் டிரைவில் பத்திரம். அதற்கு நானே விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம் கட்டுகிறேன். மூல நிரலை இறக்கி, ஒவ்வொரு பாகமாகத் தொகுத்துப் பொருத்த வேண்டும். ஒரு பாகம் முடியவே சில சமயம் பாப்பாவின் பகல் தூக்கம் முழுக்கப் போய்விடும். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும், நான் துணி மடிப்பேன். பிழை என்று நின்றால் மறுபடி முதலிலிருந்து. அலுக்கவே இல்லை. பிரிண்டர் வேண்டுமா என்கிறது, வேண்டாம் என்கிறேன், போய்விடுகிறது. குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படித் தூக்குவது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நான் கேட்டது மட்டும் உள்ளே வருகிற இடம் இது ஒன்றுதான்.

நேற்று அது தானாக எழுந்தது. கறுப்புத் திரையில் ஒரு குட்டிக் கோடு சிமிட்டியது. உங்களைக் கூப்பிடத் திரும்பினேன். அப்புறம்தான் நீங்கள் மலையைக் குடைந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது.

உங்கள்
இன்ஜினியரம்மா


ஜூன் 13

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

ஜீப் வாரம் ஒருமுறைதான் மேலே வருகிறது, தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே போனில் ஒரு புள்ளி சிக்னல்கூட இல்லை. சுரங்கப்பாதையில் பாறை சரிகிறது. வேலை நீளும், லீவு கிடையாது என்றுவிட்டார்கள்.

லேப்டாப்பை என்ன வேண்டுமானாலும் செய். துணைக்கு ஒன்று இருக்கட்டும். ஆனால் பாப்பா தூங்கும்போது நீயும் கொஞ்சம் தூங்கு, தாயே. உன் கையெழுத்தே தள்ளாடுகிறது.

உன்
சுரங்கத்தான்


ஜூன் 21

அன்புள்ள சுரங்கத்தானுக்கு,

எப்படித் தூங்குவது? மூக்கடியில் விரல் வைத்து வைத்துப் பார்த்தால் அவள் விழித்துக்கொள்கிறாள். அதனால் தொட்டிலோரம் ஒரு மைக் கட்டி, அவள் மூச்சைத் திரையில் கோடாக வரைய ஒரு நிரல் எழுதிவிட்டேன். கணினி எழுந்ததும் முதல் வேலை அதுதான். முதலில் மின்விசிறிச் சத்தம் கோட்டைக் கலக்கியது. ஓர் அளவு வைத்து, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டச் சொன்னேன். இப்போது பாப்பா மட்டும்தான். ஏறுகிறாள், இறங்குகிறாள். அடுப்படியிலிருந்தே பார்க்கலாம். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்ஜினியரம்மா


ஜூலை 4

அன்புள்ள மனைவிக்கு,

அம்மா கடிதம் எழுதியிருந்தார். மத்தியான வெயிலில் செருப்புகூட இல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாயாம். குழந்தைக்கு ஒன்றுமில்லையாம். படித்ததிலிருந்து கை ஓடவில்லை. நான் அங்கே இல்லாதது என் தப்புதான். அதற்காகக் குழந்தையை ஒரு பெட்டியிடம் விட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவார். பாப்பா கொஞ்ச நாள் அவரிடம் இருக்கட்டும். நீ ஓய்வெடு. மறுக்காதே.

இப்படிக்கு


ஜூலை 12

அன்புள்ள உங்களுக்கு,

இன்ஜினியரம்மா என்று கூப்பிடவில்லை, கீழே பெயரும் போடவில்லை. கவனித்தேன்.

அன்றைக்குக் கோடு படுத்துவிட்டது. நேராக, அசைவே இல்லாமல். தொட்டிலில் அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை, அள்ளிக்கொண்டு ஓடினேன். அங்கே நர்ஸ் அவளை வாங்கிப் பார்த்துவிட்டு, "குழந்தை நல்லாத்தானே இருக்கு. உனக்குத்தாம்மா மூச்சு வாங்குது, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து நிரலைப் பிரித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. சளி கரைந்து, கரகரப்பு போய், அவள் மூச்சு மின்விசிறியைவிட மெல்லியதாகிவிட்டது. நான் வைத்த அளவு அதையும் சேர்த்து வெட்டிவிட்டது. அவள் குணமானதைத்தான் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அத்தை வந்தார். பாப்பாவின் துணிகளைப் பையில் வைத்தார். நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். கடைசியில், "அப்ப நான் எங்க படுக்கறது, அதைச் சொல்லு" என்றார். கூடத்தில் பாய் விரித்திருக்கிறேன். பாப்பா எங்கேயும் வரமாட்டாள்.

நர்ஸ் என்னைத்தான் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், டாக்டரிடம் என்னைக் காட்டத்தான். புதன்கிழமை போகிறேன். கோபமிருந்தால் எழுதுங்கள், எழுதாமல் இருக்காதீர்கள்.

அந்த நிரலை எடுத்துவிட்டேன். இயங்குதளத்தை எடுக்கமாட்டேன், அது என்னுடையது. ஒலிப் பாகமே இல்லாமல் திரும்பவும் தொகுக்கப் போட்டிருக்கிறேன், எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது உள்ளே பாப்பா ஒருமுறை தும்மினாள். திரையில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கேட்டது.

இன்ஜினியரம்மா