புஸ்தகத்துக்கு அளவெடுத்தது

அந்த வீடியோவை இன்னும் பாக்கலைன்னா பாக்காதே பாப்பா, மொதல்ல இதைப் படி. பாத்துட்டேன்னா மனசைக் கொஞ்சம் ஆறப்போட்டுட்டுப் படி. நானும் உங்கப்பாவும் ஆண்டவன் தயவுல சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நல்லாத்தான் இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்கணும். போன்ல சொல்லலாம்னா உன் குரலைக் கேட்டதும் வேற பேச்சுக்குத் தாவிடறேன், அதான் எழுதறேன். மருந்துக்கடைக்காரர் இதைப் போட்டோ எடுத்து இன்னிக்கே உனக்கு அனுப்பிடறேன்னார்.

உங்கப்பாவைப் பத்தி நீ எழுதின புஸ்தகத்துக்கு ஒரு வருஷம் நிறைஞ்ச விழா நேத்து நல்லபடியாத்தான் ஆரம்பிச்சுது. லைப்ரரி ஹால்ல நாற்காலி பத்தாம பின்னால நின்னாங்க. உங்கப்பா சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன், ஆனா கழுத்துல தொங்கற இஞ்ச் டேப்பை மட்டும் கழட்ட மாட்டேன்னுட்டார். தையல் கடையை மூடி எவ்வளவோ நாளாச்சு, இன்னும் அது இல்லாம வாசல் தாண்டறதில்ல. அங்கதான் வந்துது வினை. மேடையில எங்களையும் உக்கார வெச்சு, பதிப்பகத்துக்காரர் கேக்கை வெச்சு ஒத்தை மெழுகுவத்தி ஏத்தினார். உங்கப்பா என் பக்கம் குனிஞ்சு, யாருக்கு அக்கா பொறந்த நாள்னார். நான் அவர் கூடப்பொறந்த தங்கச்சி, இந்த மறதி வந்ததுலேர்ந்து அக்காவா ப்ரமோஷன் குடுத்துட்டார், அது கிடக்கட்டும். புஸ்தகத்துக்கு ஒரு வயசு ஆகுதுன்னேன். அவ்வளவுதான், ஒரு வயசுக் குழந்தைக்குப் புதுச்சட்டை இல்லாமலா விழா வெச்சீங்கன்னு எந்திரிச்சு, மேசை மேல இருந்த உன் புஸ்தகத்தை நிமித்தி நிறுத்தி, உயரம், அகலம், முதுகுன்னு அளவெடுக்க ஆரம்பிச்சுட்டார். வளர்ற புள்ளை, கொஞ்சம் தளர்வா விடணும்னு பதிப்பகத்துக்காரருக்கு விளக்கம் வேற. ஹால் பூரா சிரிச்சுது. முன் வரிசையில ஒரு அம்மா செல்லுல புடிச்சுது, அதுதான் இப்ப எல்லார் போன்லயும் சுத்தற வீடியோ. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கையைப் புடிச்சு உக்கார வெக்கறதா, போகட்டும்னு விடறதான்னு தெரியாம கடவுளே கடவுளேன்னு நின்னேன். அவர் முகத்துல ஒரு சங்கடமும் இல்ல, அதையும் சொல்லிடறேன். தீபாவளி அவசரமோ கல்யாண அவசரமோ இல்லாத நாள்ல கடையில நிப்பாரே, அந்த நிதானம்.

வீட்டுக்கு வந்ததுலேர்ந்து எனக்குத்தான் இருப்பு கொள்ளல. அடுப்புல பாலை வெச்சுட்டு வாசலுக்குப் போறேன், திரும்பி வந்தா பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு கிடக்கு. இதை எழுதறப்பவே எந்திரிச்சு எந்திரிச்சு கதவு தாழ் போட்டிருக்கான்னு பாத்துட்டு வரேன். போன வாரம் நீ கேட்டியே, அப்பாவைச் சந்தியில நிறுத்திட்டேனா அத்தை, அது நான் எழுதினதுன்னாவது அவருக்குத் தெரியுமா, மறுபடி அச்சடிக்க வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தவிக்கறேன். உங்கம்மா போனதுக்கப்புறம் உன்னை வளத்தவ நான், உன்கிட்ட மூடி மறைக்க வரல. உன் பேரைச் சொன்னா யாரதுங்கறார். ஆனா எதிர்வீட்டு நர்ஸ் இருக்காளே, அவ மாமியாருக்கும் இதே நோய், உன் புஸ்தகத்தைப் படிச்சப்புறம்தான் கிழவியை அதட்டறதை விட்டேன்னு மேடையில சொல்லி அழுதா. அந்த அழுகை ஒரு பக்கம், இந்தச் சிரிப்பு ஒரு பக்கம், எதை எடுத்துக்கறதுன்னு எனக்குப் புரியல. நீ படிச்சவ, அவசரப்படாம முடிவெடு.

வேளைக்குச் சாப்பிடு. காலையில ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வெளிய போ. அந்த ஊர்க் கடைச்சட்டை எதுவுமே உனக்கு ஒரு பக்கம் சரியா உக்கார்றதில்லைன்னு மாப்பிள்ளை சொன்னார், பாத்து வாங்கு. உங்கப்பா தனியா வெளிய கிளம்பினா தெரியறதுக்கு, கதவைத் திறந்தா அடிக்கற மணி ஒண்ணு அனுப்பறேன்னியே, அதை மறந்துடாதே. எந்தக் குறையும் இல்லாம ரெண்டு பேரும் நூறு வயசு இருக்கணும்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற,
அத்தை

மடிக்கப்போறப்பதான் ஞாபகம் வருது. மைக் தூரத்துல இருந்துது, வீடியோவுல இது கேக்காது. அளவெடுத்து முடிச்சதும் புஸ்தகத்தைத் திருப்பினார், பின்னட்டையில உன் போட்டோ. முகம் மட்டும்தானே அதுல இருக்கு, கழுத்துக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. கொஞ்ச நேரம் பாத்தார், அப்புறம் டேப்பைச் சுருட்டிக்கிட்டே என்கிட்ட சொன்னார், இந்தப் பொண்ணுக்கு எடது தோள் கொஞ்சம் எறக்கம் அக்கா, உள்ள பஞ்சு வெச்சுத்தான் தைக்கணும்னு.