முள் அறுபதில், வண்டி அறுபத்தேழில்

ஐப்பசி 7, வியாழன்

நான் பொய் சொல்லவில்லை! இன்று நிரூபித்துவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

போன வாரம் என் லாரி அறுபது கிலோமீட்டர் வேக எல்லையைத் தாண்டியதாகப் போனில் அபராதச் செய்தி வந்தது. "ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இப்படியா ஓட்டுவீங்க?" என்று வளர்மதி அழுதாள். தாண்டவே இல்லை என்றேன்; கட்டிய மனைவியே நம்பவில்லை. ரோஷம் வந்துவிட்டது. மாரியம்மன் கோவிலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, வண்டி அறுபதைத் தாண்டவில்லை என்று சத்தியம் செய்தேன்.

இன்று சேலம் ரோட்டில் அவளையே பக்கத்தில் உட்கார வைத்தேன். முள்ளை அறுபதில் நிறுத்தி ஓட்டினேன். அவள் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் போனில் நேரம் பார்த்தாள். அறுபது நொடி ஆக வேண்டும். ஐம்பத்து நாலுதான் ஆனது. மூன்று முறையும் அதேதான்! வத்தல்மலை ஏறுவதற்காகப் பெரிய டயர் மாட்டினேனே, அதன் வேலை. சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடுவது மீட்டருக்குத் தெரியவில்லை. முள் அறுபது காட்டியபோது வண்டி அறுபத்தேழில் பறந்திருக்கிறது. மெக்கானிக் புது டயர் அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

"பாத்தியா, எம்மேல தப்பில்ல!" என்று குதித்தேன்.

வளர்மதி கொஞ்சம் யோசித்தாள். "முள்ளு தாண்டலன்னு சொல்லியிருந்தா சரிங்க. வண்டி தாண்டலன்னுதானே சூடத்த அணைச்சீங்க?"

மீட்டரைத் திருத்தப் பத்து நிமிடம். ஆத்தாளிடம் செய்த சத்தியத்தை எப்படித் திருத்துவது? விடிந்ததும் முதல் வேலையாக, மன்னிப்புக் கேட்டு ஏற்றச் சூடம் வாங்க வேண்டும்.